வல்லை வெளியில் கழற்றிவிட்ட கரவன்

வாகனப் பகுதிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து எதையாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எஞ்சினைப் பற்றி எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் எஞ்சின்களும் நான் ஓட்டியவற்றைவிட நல்லவை. வாகனத்துக்குப் பின்னால் பாரமான இன்னொன்றைக் கொளுவிக்கொண்டு ஓடும்போது, முன் ஆசனத்தில் இருப்பவர் எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியிருக்கும் என்பதைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு நாளில் நடந்ததைச் சொன்னால் போதும்.

தொண்ணூறுகளின் முதற் பாதி. போர்த் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலம். நான் ஒரு நடமாடும் மருத்துவ வண்டியின் ஓட்டுநராக இருந்தேன். அதற்கு முன் ஒரு பத்திரிகையில் செய்தி எழுதினேன். கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகையின் பக்கங்கள் குறைந்தன. பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். மருத்துவ வண்டிக்கு ஆள் தேடியவர்களிடம் ஜீப் ஓட்டத் தெரியும் என்றேன். எடுத்துக்கொண்டார்கள். இழுவை வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜீப் நீளமானது, பழையது, மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் தானாக எழும்பாது. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஊரில் எல்லோரும் அதற்கென்று ஒரு சின்னப் போத்தல் வைத்திருந்தார்கள். எங்களிடம் வெறும் சேலைன் போத்தல்களுக்குக் குறைவில்லை. ஒன்றில் பெற்றோலை ஊற்றி, பொனற்றுக்குள் கட்டித் தொங்கவிட்டு, அதன் குழாயை எஞ்சினுக்குக் கொடுத்திருந்தேன். எழும்பிய பிறகும் நிம்மதி இல்லை. வாகனம் நிற்கும்போது அக்சிலேற்றரில் கால் இருந்துகொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் எஞ்சின் இரண்டு தடவை இருமும், பிறகு நின்றுவிடும். மறுபடியும் பெற்றோல் தேட வேண்டும்.

அந்த ஜீப் இழுத்தது ஒரு கரவன். வெளிநாட்டில் விடுமுறைக்குப் போகும் குடும்பம் வழியில் படுத்துறங்கவென்று செய்யப்பட்ட வீட்டு வண்டி அது. யாரோ ஒருவர் நன்கொடையாகக் கொடுத்திருந்தார். உள்ளே இருந்த கட்டிலை நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டிலாக்கினோம். உடுப்பு அலுமாரி மருந்து அலுமாரியானது. மெத்தையின் உறையில் பனிமலையில் சறுக்கி விளையாடும் மனிதர்களின் படம் இருந்தது. எத்தனை தோய்ச்சலுக்குப் பிறகும் அவர்கள் சிரித்தபடியே இருந்தார்கள். தண்ணீர்த் தாங்கி வண்டியின் பின்பாதியில் இருந்தது. அதற்கும் பின்னால், அந்தக் குடும்பம் தங்கள் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு போவதற்காக, அகலமான ஓர் இரும்புத் தட்டு. அந்தத் தட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனங்கள் கரவனுக்கு வைத்த பெயர் தேர். “தேர் வந்திட்டுது” என்று பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொல்வார்கள். தேரின் உண்மையான அதிகாரி ஒரு மருத்துவிச்சி. எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிட்டோம். டொக்டர் கிழமையில் சில நாட்களே வருவார். மற்ற நாட்களில் ஊசி, கட்டு, பிள்ளைப்பேறு எல்லாம் மிஸிதான்.

முதல் தடவை கரவனை இழுத்துக்கொண்டு மானிப்பாய் பக்கம் போனபோது, தாங்கி நிறையத் தண்ணீரும் பின்பக்கம் நிறைய மருந்துப் பெட்டிகளுமாக ஏற்றியிருந்தோம். கொஞ்சம் வேகம் பிடித்ததும் கரவன் வால் ஆட்டத் தொடங்கியது. இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் முன்னையதைவிடப் பெரிதாக. ஒருவாறு நிறுத்திவிட்டுப் பின்னால் போய்க் கதவைத் திறந்தேன். மிஸி நிலத்தில் உட்கார்ந்து, மருந்துப் போத்தல்களை மடியில் அணைத்து வைத்திருந்தார்.

“தம்பி, நான் உள்ளுக்கு மருந்து வைச்சிருக்கிறன். மோர் கடையேல்லை.”

பின்பாரம் கூடினால் இழுவை வண்டி ஆடும். முன்பாரம் இருந்தால் அடங்கி வரும். ஆடத் தொடங்கிவிட்டால் பிரேக்கில் கால் வைக்கக்கூடாது, ஸ்ரியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டக்கூடாது. நேரே பிடித்துக்கொண்டு, அக்சிலேற்றரிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். அன்றிலிருந்து பெட்டிகளை முன்னுக்கு வைத்தோம். தூரப் பயணத்துக்குத் தாங்கியில் பாதித் தண்ணீர்தான் வைத்தோம். அதே நேரத்தில் மிஸி ஒரு மணியும் கட்டுவித்தார். ஜீப்பில் என் தலைக்கு மேலே மணி, கரவனின் முன் யன்னலால் உள்ளே போகும் கயிறு. ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. பஸ்ஸில் போல.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட்டுத்தான் அந்த நாளுக்கு வரலாம். அப்போது குடாநாடு முழுதும் சைக்கிளில்தான் போய்வந்தது. வடமராட்சியிலிருந்து வலிகாமத்துக்கு வருபவர்கள் வல்லை வெளியைக் கடக்க வேண்டும். மரம் இல்லை, வீடு இல்லை, உவர் நிலமும் பற்றையும்தான். சோளகம் வீசும் மாதங்களில் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். பாரம் கட்டிய சைக்கிளை மிதித்தால் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போலிருக்கும். ஆகவே உழவு இயந்திரமோ லொறியோ வந்தால் சைக்கிள்காரர் ஒரு கையால் அதன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றக் கை ஹாண்டிலில். அப்படியே வெளி முழுதும் இழுபட்டு வருவார்கள். எங்களுடைய கரவன் உயரமானது. காற்றை நன்றாக மறைக்கும். அதைக் கண்டால் விடமாட்டார்கள். பின்னால் ஆட்களைத் தொங்கவிடக்கூடாது என்று, வண்டியை நடத்திய காரியாலயத்தில் கண்டிப்பான உத்தரவு இருந்தது. நான் கத்திக் கலைப்பேன். வளைவு வரை விட்டுவிட்டு, வளைவு தாண்டியதும் மீண்டும் பிடிப்பார்கள்.

அன்று நாங்கள் தொண்டைமானாற்றில் நின்றோம். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் சில அங்கே கொட்டில் போட்டிருந்தன. மத்தியானம் கழிந்த நேரம், சூசை என்ற இளைஞர் தன் மனைவி ஜெசிந்தாவைத் தள்ளுவண்டிலில் வைத்துக் கொண்டுவந்தார். முதல் பிள்ளை. முந்திய நாளே வலி தொடங்கியிருந்தது. மிஸி கரவனுக்குள் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார், கணவனிடம் போகவில்லை. அதிலிருந்தே எனக்கு நிலைமை விளங்கியது.

“பிள்ளை குறுக்கை கிடக்கு. இஞ்சை வைச்சு ஒண்டும் செய்யேலாது. வெட்டித்தான் எடுக்கோணும். மானிப்பாயிலை இண்டைக்கு ஒப்பரேசன் செய்யிற டொக்டர் நிக்கிறார். எவ்வளவு கெதியாய்ப் போவீர்?”

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து முடிந்திருந்தது. தொண்டைமானாற்றுப் பாலத்தால் போகும் குறுக்குவழி அந்த நாட்களில் மூடியிருந்தது. உடுப்பிட்டி போய், வல்லை வெளியைக் கடந்து, புத்தூர், கோப்பாய் என்று சுற்ற வேண்டும். ஜீப்பின் பின்பக்கம் முழுதும் மண்ணெண்ணெய் நிரப்பிய பரலும் சாமான்களும். ஜெசிந்தா படுத்தபடி, கையில் சேலைனோடு, மிஸி பக்கத்தில் இருக்கப் போவதென்றால் கரவன்தான். அதோடு, அந்தக் கரவன் குடாநாட்டில் ஒன்றுதான் இருந்தது. எங்கே போனாலும் அதை விட்டுவிட்டு வரக்கூடாது என்பது எனக்கு வேலை தந்த நாளிலேயே சொல்லப்பட்ட முதல் விதி.

பொனற்றைத் திறந்து போத்தலில் மிஞ்சியிருந்த பெற்றோலை விட்டேன். எஞ்சின் எழும்பியது. போத்தல் வெறுமையானது. இனி மானிப்பாய் வரை எஞ்சின் நிற்கக்கூடாது.

சூசை என் பக்கத்து ஆசனத்தில் ஏறினார். கழுத்தில் செபமாலை. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணை, அவளுக்குக் கேக்குமோ நாங்கள் கதைக்கிறது?”

“கேக்காது.”

“அப்ப கேக்கிறன். தப்புவாளோ?”

“மிஸி இருக்கிறா. டொக்டரிட்டைக் கொண்டுபோய் விடுறது என்ரை வேலை. அதை நான் செய்வன்.”

உடுப்பிட்டி தாண்டி வெளிக்குள் இறங்கினோம்.

வல்லை வெளியில் ஒரு முனியப்பர் கோயில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் வாகனம் எதுவும் அங்கே நிறுத்தாமல் போனதை நான் பார்த்ததில்லை. ஒரு கற்பூரம், உண்டியலில் ஒரு சில்லறை, பிறகு புறப்படுவார்கள். கோயில் தெரிந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்துவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்க, சூசையே சொன்னார்:

“நிப்பாட்டுங்கோ அண்ணை. எல்லாரும் நிப்பாட்டுற இடம். இண்டைக்கு ஆரையும் விட்டிட்டுப் போக எனக்குத் துணிவில்லை.”

நிறுத்தினேன். அக்சிலேற்றரில் கால் இருந்தது. அவர் இறங்கி ஓடிப்போய், கோயில் வாசலில் ஒரு பெட்டி கற்பூரம் வாங்கிக் கொளுத்தினார். சோளகம் அதை அணைத்தது. திரும்பக் கொளுத்தினார், திரும்பவும் அணைந்தது. மூன்றாம் தடவை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். இதற்கிடையில் பின் கண்ணாடியில் சைக்கிள்கள் கூடுவது தெரிந்தது. வெளியைக் கடக்க வாகனத்துக்குக் காத்திருந்தவர்கள். வழக்கம்போலப் பிடித்துக்கொண்டு வரப்போகிறார்கள். கத்திக் கலைக்க நேரமில்லை. இறங்கவும் முடியாது, என் கால் எஞ்சினுக்கு வேண்டும்.

கண்ணாடியில் தெரியாதது என்னவென்றால், அவர்கள் பிடித்துக்கொள்ள மட்டும் வரவில்லை. வாகனம் நின்றிருந்ததால் வசதியாகப் போயிற்று. காற்றுக்குள் சைக்கிள் இலகுவாக இருக்கட்டும் என்று, தங்கள் பாரங்களை அவிழ்த்து அந்த இரும்புத் தட்டில் அடுக்கிவிட்டார்கள். வெளி முடியும் வரைக்கும்தான். உரித்த தேங்காய் மூட்டைகள், விறகுக் கட்டுகள், ஒரு கருவாட்டுப் பெட்டி.

சூசை ஏறினார். மணி இரண்டு தடவை அடித்தது. புறப்பட்டேன்.

கோயிலைத் தாண்டினால் வெளியில் றோட்டு நேரானது. அவசரத்தில் அந்த நேரான றோட்டைப் பயன்படுத்தத் தீர்மானித்தேன். ஜீப் தன்னால் முடிந்த வேகத்தைப் பிடித்தது. வழக்கமாக இந்த வேகத்துக்குச் சைக்கிள்காரர் பிடியை விட்டுவிடுவார்கள். அன்று ஒருவரும் விடவில்லை. தேங்காய் கரவனில் போகும்போது சைக்கிள் எப்படிப் பின்தங்கும்? எல்லோரும் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, எழும்பி நின்று மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

முதலில் ஸ்ரியரிங் லேசானது. ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ கீழிருந்து தூக்குவது போலிருந்தது. பிறகு மணி அடித்தது. ஒன்று. நிறுத்து என்று அர்த்தம். நான் காலை எடுக்கும் முன் இரண்டாவது அடித்தது. பிறகு மூன்று, நான்கு. மணி ஒரே சீராக அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். கரவன் இடது பக்கம் முழுதாகத் தெரிந்தது. மறைந்தது. வலது பக்கம் முழுதாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கயிறு இழுபட்டு மணி தானாக அடித்தது. மிஸி என்ன சொல்கிறார் என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை.

“பிரேக்கைப் பிடியுங்கோ அண்ணை. பிரேக்கைப் பிடியுங்கோ.”

சூசையின் குரல் உயரவில்லை. கெஞ்சுவது போலிருந்தது. அவருடைய மனைவி அந்தப் பெட்டிக்குள் இருந்தார்.

பிரேக்கைப் பிடித்திருந்தால் ஜீப் நிற்கும். கரவன் நிற்காது, ஜீப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு மடியும். பின்னால் எழும்பி நின்று மிதித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் இரும்பில் மோதுவார்கள். காலைச் சட்டென்று எடுத்தாலும் அதேதான். நான் செய்தது மூன்று காரியங்கள். ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்தேன். மணியைக் கேட்காமல் விட்டேன். காலை மெல்ல எடுத்தேன். ஆட்டம் அதற்குப் பிறகும் இரண்டு தடவை கூடியது. அந்த இரண்டு தடவையும் என் கால் பிரேக்குக்குப் போக விரும்பியது. விடவில்லை. பிறகு எதிர்க்காற்று வேலை செய்தது. அன்று காலை முதல் நான் திட்டிக்கொண்டிருந்த சோளகம் கரவனின் நெஞ்சில் கை வைத்துப் பிடிப்பதுபோல வேகத்தைக் குறைத்தது. ஆட்டம் சிறுத்தது. மணி இடைவெளி விட்டு அடித்து, ஓய்ந்தது. கிளச்சை மிதித்து, மற்றக் காலால் அக்சிலேற்றரை அழுத்தி எஞ்சினைக் காப்பாற்றினேன். வாகனம் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் இறங்கவில்லை. இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுதும் சொல்லியது. இறங்கினால் எஞ்சின் நின்றுவிடும், அது நின்றால் ஜெசிந்தா அந்த வெளியிலேயே கிடக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் நான் கண்ணாடியிலும் யன்னலிலும்தான் பார்த்தேன். இந்த வேலையில் உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது இதுதான்: மற்றவர்கள் ஓடித்திரியும்போது உங்களுடைய இடத்திலேயே இருப்பது.

முதலில் யன்னலுக்கு வந்தவர் சைக்கிள்காரரில் மூத்தவர். கந்தையர் என்று பெயர், புத்தூர்ப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி என்று பிறகு அறிந்தேன். மூச்சு வாங்கியது.

“என்ன தம்பி உது ஓட்டம்? தேர் ஓட்டுறீரோ, பாம்பாட்டுறீரோ?”

அவருக்குப் பின்னால் மிஸி வந்தார். நெற்றியில் ஒரு வீக்கம்.

“உந்தத் தேங்காய் மூட்டையள் ஆற்றை?”

“என்ரை தான். கொஞ்சத் தூரத்துக்குத்தானே எண்டு…”

“உள்ளுக்கு ஒரு பிள்ளைத்தாச்சி கிடக்கிறாள். உங்கடை தேங்காய்தான் அவளைத் தாலாட்டினது.”

கந்தையர் கரவனின் முன்பக்கம் போனார். சூசை கரவனுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். ஜெசிந்தா கட்டிலில்தான் இருந்தார். மிஸி அவர் மேலே குறுக்காகப் படுத்து இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்திருக்கிறார். அப்படித்தான் அந்த வீக்கம் வந்தது.

“மூட்டையளை இறக்குங்கோ, வெளிக்கிடுவம்” என்றேன்.

கந்தையர் அதற்குள் குனிந்து கொளுவியிருந்த இடத்தைப் பார்த்திருந்தார். “தம்பி, இறக்கியும் வேலையில்லை. கரவன்ரை இழுகோல் ஒட்டு விட்டிட்டுது. பாதி வெடிச்சு நிக்குது. நடக்கிற வேகத்திலை வேணுமெண்டால் வரும். ஓடினால் கழண்டு போகும்.”

நடக்கிற வேகத்தில் மானிப்பாய்க்குப் பொழுது படும்.

அந்த நேரம், படையினரின் விமானத்தளம் இருந்த பலாலிப் பக்கம் வானத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. எல்லோரும் ஒரு தடவை மேலே பார்த்தார்கள். வெட்டவெளியில் ஒரு வெள்ளைப் பெட்டி எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு பொறுப்புகள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஒன்று ஜெசிந்தா, மற்றது கரவன். அதில் இருந்த மருந்தும் கருவிகளும் போனால், கரையோரக் கிராமங்கள் பலவற்றுக்கு வைத்தியம் இல்லை. இன்னும் எத்தனையோ ஜெசிந்தாக்கள் தள்ளுவண்டிலில் வந்து திரும்பிப் போவார்கள். அந்தக் கணக்கு என் மனத்தில் ஓடியது, ஓடவில்லை என்று சொல்லமாட்டேன். மிஸி என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன யோசிக்கிறீர்?”

“கரவனை விட்டிட்டு வரக்கூடாது எண்டு உத்தரவு.”

“கரவன் சாகாது” என்றார் மிஸி.

“கழட்டுங்கோ” என்றேன்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து பரலையும் சாமான்களையும் இறக்கினார்கள். கந்தையர் கொளுக்கியைக் கழற்றினார். கருவாட்டுப் பெட்டிக்காரரும் வேறு மூன்று பேரும் கரவனுக்குள் போனார்கள். பனிமலை மெத்தையின் நான்கு மூலைகளையும் பிடித்து ஜெசிந்தாவை அதோடு தூக்கி வந்தார்கள். கண்ணாடியில் அவருடைய முகம் ஒரு கணம் தெரிந்தது. கண்களைத் திறந்திருந்தார். தூக்கியவர்களில் ஒருவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னவாம்?” என்று மிஸி கேட்டார்.

“கருவாடு மணக்குதாம். வயித்தைப் பிரட்டிச் சத்தி வருகுதாம்.”

“அது நல்லது” என்றார் மிஸி. “குறை சொல்லுறவளுக்கு இன்னும் தெம்பிருக்கு.”

சேலைன் போத்தலைச் சூசை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கந்தையர் என் யன்னலுக்கு வந்தார்.

“தம்பி, நீர் போம். கரவனை நாங்கள் பாக்கிறம்.”

“மேலை சத்தம் கேக்குது அண்ணை. நிக்காதேங்கோ. தேங்காயைக் கட்டிக்கொண்டு கலைஞ்சு போங்கோ.”

“உதைச் சொல்ல நீர் ஆர்? கலைக்கிறது உமக்குப் பழகிப்போச்சு. போம்.”

போனேன். பின்பாரம் இல்லாத ஜீப் வேறு வாகனம் போலிருந்தது. மிஸி பின்னால் இருந்து சூசைக்குக் கட்டளை இட்டுக்கொண்டு வந்தார். புத்தூர்ச் சந்தியில் மாடுகள் குறுக்கே நின்றன. கோப்பாயில் ஒரு செத்தவீட்டு ஊர்வலம் வந்தது. பறை அடித்தவர்களே முன்னால் ஓடிவந்து ஆட்களை ஒதுக்கிவிட்டார்கள். மானிப்பாயில் ஆஸ்பத்திரி வாசலில் அங்கே வேலை செய்பவர்கள் தள்ளுகட்டிலோடு வந்து ஜெசிந்தாவை இறக்கினார்கள். கதவு மூடிய பிறகுதான் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது.

பொழுது படும் நேரம் மிஸி வெளியே வந்தார்.

“பெட்டைப் பிள்ளை. இரண்டு பேரும் இருக்கினம்.”

சூசை படியில் உட்கார்ந்தார். கற்பூரப் பெட்டியை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரும்பவும் மடியில் வைத்தார்.

அடுத்த நாள் காலை பெற்றோல் இரந்து வாங்கிக்கொண்டு, இரும்பு ஒட்டு வேலை செய்பவர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு வல்லை வெளிக்குப் போனேன். காரியாலயத்துக்குச் சொல்ல வேண்டியதைப் போகும் வழியிலேயே மனத்தில் எழுதிக்கொண்டு போனேன். பத்திரிகையில் பழகிய முறைப்படி, கண்டது முதலில், காரணம் பிறகு. ஆனால் வெளியை நெருங்குவதற்கு முன்பே, ஆவரங்காலில், றோட்டோரத்து மரத்தின் கீழே கரவன் நின்றது.

நான் ஜீப்பை நிறுத்தி, இந்தத் தடவை இறங்கினேன். கரவனின் அச்சைச் சுற்றித் தடித்த கயிறு கட்டியிருந்தது. கூரை முழுதும் பச்சைக் குழை போட்டு மூடியிருந்தார்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் விறகுக் கட்டைகள், தேருக்குக் கட்டை வைப்பது போல. மருந்து அலுமாரி பூட்டியபடி. தேங்காய் மூட்டைகள் அனைத்தும் கரவனின் முன் மூக்கில் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் கந்தையர் படுத்திருந்தார். கண்டதும் எழும்பினார்.

“தண்ணியைத் திறந்து விட்டிட்டம் தம்பி. பாரமாயிருந்தது.”

“எப்பிடி அண்ணை கொண்டு வந்தனீங்கள்?”

“இழுத்துத்தான். வேறை எப்பிடி? கரையிலை போய் வலைக்கயிறு வாங்கினம். பிறகு வந்தவை எல்லாரும் பிடிச்சவை. மேலை சத்தம் வரேக்கை விட்டிட்டுப் பத்தைக்குள்ளை படுத்தம். போனாப்போலை எழும்பி இழுத்தம்.” சால்வையை உதறித் தோளில் போட்டார். “ஒண்டு சொல்லோணும். நீர் இழுக்கேக்கை ஆடினது. நாங்கள் இழுக்கேக்கை ஆடேல்லை.”

பிறகு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்: “அந்தப் பிள்ளைத்தாச்சி?”

சொன்னேன். அவர் தலையாட்டினார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் சைக்கிளில் கட்டத் தொடங்கினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு தேங்காயை எடுத்து ஜீப்பின் ஆசனத்தில் வைத்தார். ஒன்று மிஸிக்கு என்றார். நெற்றி வீக்கத்துக்கு அல்ல, தன்னை ஏசிய வாய்க்காம்.

ஒட்டு வேலைக்காரரிடம் இழுகோலைச் சரிசெய்யச் சொன்னேன். பின்னால் இருந்த இரும்புத் தட்டை வெட்டி எடுக்கச் சொன்னேன். வெட்டிய இரும்பை என்ன செய்வது என்று கேட்டார். கரவனின் இரண்டு பக்கமும், சில்லுக்கு முன்னால் வரும்படி, நீளமான கைபிடிகளாக ஒட்டச் சொன்னேன். மூக்கின் மேல், பாரம் வைக்கக்கூடிய இடத்தில், ஒரு சிறு தட்டும். அதற்குப் பிறகு வல்லை வெளியில் நான் ஒருவரையும் கலைக்கவில்லை. முனியப்பர் கோயிலில் நிற்கும்போது ஆட்கள் தாங்களே மூட்டைகளைக் கொண்டுவந்து மூக்கில் அடுக்குவார்கள். பக்கத்துக் கைபிடிகளைப் பிடித்துக்கொள்வார்கள்; என் கண்ணாடியில் ஒவ்வொருவரும் தெரிவார்கள். சைக்கிள் போகக்கூடிய வேகத்துக்கு மேலே நானும் போனதில்லை, உள்ளே அவசர நோயாளி இருந்தால் தவிர. அப்போது மிஸி யன்னலால் கையைக் காட்டினால் போதும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிடியை விடுவார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு வாகனங்களைப் பார்வையிட காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பைச் சுற்றி வந்தார். கரவனைச் சுற்றி வந்தார். கைபிடியைத் தட்டிப் பார்த்தார். ஆட்கள் பிடித்துப் பிடித்து அது மினுங்கிக்கொண்டிருந்தது.

“உது என்னத்துக்கு? ஆக்களைத் தொங்கவிடுறனீரோ?”

“இல்லை சேர்” என்றேன். “தள்ளுறதுக்கு.”